ஐந்து வாட் குரல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக இந்த வட்டத்தில் கவிதையும் சிறுகதையும் பேசி வருகிறோம். இன்று அவற்றை விடுத்து, வானொலிப் போட்டி ஒன்றைப் பற்றிப் பேசும்படி அமைப்பாளர்கள் என்னைப் பணித்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் நவம்பர் மாதக் கடைசிக் கூட்டத்துக்கு நான் வராதபோது, "அண்ணன் மொட்டை மாடியில் கம்பியோடு இருப்பார்" என்று நண்பர்கள் சொல்வது என் காதுக்கும் எட்டியிருக்கிறது. அந்தக் கம்பிக்கு விளக்கம் கேட்கத்தான் இந்தத் தலைப்பைத் தந்தார்கள் என்று எண்ணுகிறேன்.

நான் சொல்லப்போவது அகில இந்திய வானொலியைப் போல ஒருவர் பேச ஊரே கேட்கும் ஒலிபரப்பு அன்று. தேர்வெழுதி, நடுவண் அரசிடம் உரிமம் பெற்ற தனி மனிதர்கள், தத்தம் வீட்டில் கருவி அமைத்துக்கொண்டு ஒருவரோடொருவர் வானலையில் உரையாடும் கலை இது. அமெச்சூர் வானொலி என்பர்; ஹாம் என்று சுருக்கியும் சொல்வர். இதில் வணிகம் பேசக் கூடாது என்பது விதி. திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு, பனியன் விலை பேசாமல் ஜெர்மனியோடு பேசுகிற மிகச் சிலருள் நானும் ஒருவன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நம் நாட்டில் இதற்கு நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. 1921ஆம் ஆண்டு அமரேந்திர சந்திர குப்தா என்பவர் 2 ஜே கே என்ற அழைப்புக்குறியோடு இதைத் தொடங்கிவைத்தார். சென்னையில் 1924 மே மாதம், சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31 அன்று 40 வாட் கருவி ஒன்றைக் கொண்டு அந்தச் சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னர் 200 வாட் கருவி வந்தது. 1927இல் பணமில்லாமல் நின்றுபோயிற்று. கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குச் சென்று, 1930இல் மீண்டும் குரல் எழுப்பியது. சிற்றிதழ்களின் கதையை அறிந்த உங்களுக்கு இது புதிய கதையாக இராது.

இனிப் போட்டிக்கு வருகிறேன். 1948 முதல் 'சி க்யூ உலகளாவிய போட்டி' என்ற ஒன்று நடந்து வருகிறது. பேச்சு முறைக்கு அக்டோபர் மாதமும், மோர்ஸ் தந்தி முறைக்கு நவம்பர் மாதமும் கடைசி முழு வார இறுதி. உலக நேரப்படி சனிக்கிழமை பிறக்கும் நொடியில் தொடங்கும். நமக்கு அது விடியற்காலை ஐந்தரை மணி. அங்கிருந்து 48 மணி நேரம். எத்தனை நாடுகளை, எத்தனை மண்டலங்களை, எத்தனை நிலையங்களைத் தொட்டோம் என்பதே கணக்கு. வேறு கண்டத்து நிலையம் கிடைத்தால் மூன்று புள்ளி. ஆசியாவுக்குள்ளேயே வேறு நாடு கிடைத்தால் ஒரு புள்ளி. சொந்த நாட்டுக்காரரோடு பேசினால் புள்ளி ஏதும் இல்லை. உள்ளூர்க்காரனை மதிக்காத வழக்கம் இலக்கிய உலகத்தில் மட்டும் இல்லை என்பது இதனால் விளங்கும்.

ஒவ்வொருவரும் மற்றவருக்குச் சொல்ல வேண்டியது இரண்டே செய்திகள். ஒன்று, அவர் குரல் எப்படிக் கேட்கிறது என்ற மதிப்பீடு. மற்றொன்று, நம் மண்டல எண். இந்தியா 22ஆம் மண்டலம். மதிப்பீட்டில் உயர்ந்தது ஐந்து ஒன்பது ஒன்பது: தெளிவு ஐந்துக்கு ஐந்து, வலிமை ஒன்பதுக்கு ஒன்பது, ஒலியின் தூய்மையும் ஒன்பதுக்கு ஒன்பது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. போட்டியில் எல்லோரும் எல்லோருக்கும் ஐந்து ஒன்பது ஒன்பதே தருவார்கள். நம் அழைப்புக்குறியை நான்கு முறை திருப்பிக் கேட்டவரும், ஒருவழியாகப் புரிந்த பிறகு, "மிகத் தெளிவு, மிக வலிமை" என்றுதான் எழுதுவார். நூல் வெளியீட்டு விழாக்களில் பேசிப் பழகியவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் போட்டியில் மின்திறனைப் பொறுத்து மூன்று வகுப்புகள் உண்டு. முதல் வகுப்பில் 1500 வாட் வரை செல்லலாம். நம் நாட்டு உரிமம் அவ்வளவு தூரம் அனுமதிப்பதில்லை. இரண்டாம் வகுப்பு 100 வாட். மூன்றாவது, நான் கலந்துகொள்வது, 5 வாட். இதற்குக் க்யூ ஆர் பி என்று பெயர். 'மின்திறனைக் குறை' என்று பொருள்படும் பழைய தந்திக் குறியீடு அது. 5 வாட் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், நம் வீடுகளில் இரவு விளக்காக எரிந்த பழைய ஜீரோ வாட் பல்பை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் ஜீரோ, உண்மையில் ஏறத்தாழ 15 வாட் குடித்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு. பவர்டேபிளில் ஒரு தையல் எந்திரத்தை ஓட்டிய அரைக் குதிரைத்திறன் மோட்டாருக்கு 373 வாட் வேண்டும்.

இவ்வளவு சிறிய திறன் கடல் கடந்து செல்லுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். கேட்கும் கருவியில் ஒலியின் வலிமையை ஒன்று முதல் ஒன்பது வரை படிகளாகக் காட்டுவார்கள். ஒரு படி இறங்க, அனுப்பும் திறன் நான்கில் ஒன்றாகக் குறைய வேண்டும். 100 வாட்டை நான்கால் வகுத்தால் 25. மீண்டும் வகுத்தால் ஆறே கால். ஆக, 100 வாட்காரருக்கும் 5 வாட்காரருக்கும் உள்ள தூரம் இரண்டு படிக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஒன்பதாம் படியில் கேட்க வேண்டியவன் ஏழில் கேட்கிறேன். சுற்றிலும் அமைதி இருந்தால் ஏழு தாராளம், மூன்றே போதும். சுற்றிலும் அமைதி இருந்தால், என்கிற இந்த நிபந்தனைக்குப் பின்னால் வருகிறேன். என் தொல்லை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

மோர்ஸ் முறையைப் பற்றிக் கவிஞர்களிடம் ஒன்று சொல்ல ஆசை. புள்ளியின் நீளம் ஒரு மாத்திரை என்றால் கோட்டின் நீளம் மூன்று மாத்திரை. நம் நெடிலுக்கு இரண்டு. கோடு அதனினும் நீண்டு, உயிரளபெடையின் அளவில் நிற்கிறது. ஓர் எழுத்துக்குள் வரும் இடைவெளி ஒன்று, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. மௌனத்துக்கும் மாத்திரை வகுத்த யாப்பு இது. இந்திய அழைப்புக்குறிகள் பெரும்பாலும் வி யூ 2, வி யூ 3 என்று தொடங்கும். வி யூ 2 என்பது காதில் 'டிடிடிடா, டிடிடா, டிடிடாடாடா' என்று விழும். பழகியவர்கள் புள்ளியையும் கோட்டையும் எண்ணுவதில்லை, சந்தத்தைக் கேட்கிறார்கள். மனிதக் குரலை அனுப்ப வேண்டிய அலை அகலத்தில் மோர்ஸுக்குச் சிறு துண்டு போதும். எனவே வடிகட்டியை இறுக்கி, மற்ற ஓசைகளை வெளியே நிறுத்திவிட்டு அந்த ஒற்றைச் சுருதியை மட்டும் உள்ளே விடலாம். 5 வாட்காரர்கள் இன்றும் மோர்ஸை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பழமைப் பற்றினால் மட்டும் அன்று.

2017இல் எஃப்டி8 என்றொரு முறை வந்தது. இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் பிராங்கும் உருவாக்கியது. மனிதக் காதுக்கு எட்டாத அளவு மெலிந்த ஒலியையும் கணினி பிரித்தெடுத்துத் திரையில் எழுதிவிடுகிறது. அதன் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே கேட்பது நான் இல்லை. மோர்ஸ் போட்டியில் என் காதுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

கருவியைப் பற்றிச் சிறிது. அயல்நாட்டுக் கருவி ஒன்றின் விலை நம் நடுத்தரக் குடும்பத்துக்கு எப்போதுமே எட்டாக்கனி. இந்த நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் பர்ஹான். இருபது ஆண்டுகளுக்கு முன்பு அவர் 'பிட்எக்ஸ்' என்ற கருவியின் வரைபடத்தை உலகுக்கு இலவசமாகத் தந்தார். ஏறத்தாழ 6 வாட் திறன். கடைவீதியில் கிடைக்கும் எளிய டிரான்சிஸ்டர்கள். சுருள் சுற்ற ஃபெரைட் வளையம் கிடைக்காதவர்களுக்குத் தண்ணீர்க் குழாயில் போடும் வாஷர். இதில் என்னை மிகவும் கவர்ந்தது வாஷர் அன்று. அனுப்பும்போதும் வாங்கும்போதும் ஒரே உறுப்புகளே இரு திசையிலும் வேலை செய்யுமாறு அவர் அமைத்ததுதான். பேசுவதற்கு ஒரு பகுதி, கேட்பதற்கு வேறொரு பகுதி என்று அந்தக் கருவியில் பிரிவினை குறைவு. 2016இல் அதன் அடுத்த வடிவம் பாதி முடிந்த பலகையாகவே விற்பனைக்கு வந்து பல நாடுகளுக்குச் சென்றது. அதன் சுருள்களைச் சுற்றியவர்கள் ஹைதராபாத்தில் கூட்டாகத் தொழில் செய்த பெண்கள்.

ஆன்டெனாவுக்கும் பெரிய செலவு இல்லை. 14 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு மொத்தம் பத்து மீட்டர் சொச்சம் செப்புக் கம்பி, நடுவில் வெட்டி இரு பக்கமும் இழுத்துக் கட்டினால் போதும். 7 மெகாஹெர்ட்ஸ் என்றால் இருபது மீட்டர். எங்கள் மாடியில் அது துணி காயப்போடும் கொடிக்கு மேலே ஓடுகிறது.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன். நான் குடியிருக்கும் தெருவில் நிட்டிங் ஆலை ஒன்று, பவர்டேபிள்கள் நான்கைந்து, அயர்ன் கடை ஒன்று. எந்திரங்களின் ஓசையைச் சொல்லவில்லை. அதைத் தாலாட்டாகக் கேட்டே இந்த ஊரில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். நான் சொல்வது வானலையில் எழும் சத்தம். பழைய கிளட்ச் மோட்டார் வானலைக்குப் பெரிய தொந்தரவு தராது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அதன் இடத்தில் வந்த சர்வோ மோட்டாரும், நிட்டிங் எந்திரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் டிரைவும், குழல் விளக்குக்குப் பதிலாக வந்த எல்இடி விளக்கின் மலிவான மின்வழங்கியும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித் தருபவை. வெட்டும் ஒவ்வொரு முறையும் சிறு வானொலி நிலையம் போல அலை கக்குகின்றன. ஊர் முழுவதும் ஓடும் மின்கம்பியே அவற்றுக்கு ஆன்டெனா. என் கருவியைத் திருப்பினால் அலைவரிசையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை 'நர்ர்' என்ற இரைச்சல். எஸ் அளவுமானி ஏழாம் படியில் அசையாமல் நிற்கும். ஆறாம் படியில் வருகிற எவர் குரலும் எனக்கு இல்லை.

ஆகவே திருப்பூரில் 5 வாட்காரரின் துயரம் வெளியார் நினைப்பதைப் போன்றது அன்று. என் குரல் போகவில்லை என்பது குறையே அன்று. அது போகிறது. ஏதோ ஒரு நாட்டின் வயற்காட்டு நடுவே அமைதியான வீட்டில் இருப்பவர் என்னைத் தெளிவாகக் கேட்கிறார். அவர் திருப்பிச் சொல்வதை என் தெரு விழுங்கிவிடுகிறது. வாய் பெரிதாகவும் காது சிறிதாகவும் இருக்கும் நிலையத்துக்கு இத்துறையில் 'முதலை' என்று பட்டப்பெயர். ஆயிரம் வாட் வைத்துக்கொண்டு, பதிலைக் கேட்காமல் கத்துபவரைக் கேலி செய்ய எழுந்த சொல் அது. வெறும் 5 வாட்டோடு ஒருவன் முதலையாகிவிடும் ஊர் எங்கள் ஊர்.

இதற்கு எதிராகச் செய்யக்கூடியவை சில உண்டு. முதல் வேலை, மின்கலத்தில் கருவியை இயக்கிக்கொண்டு, சொந்த வீட்டின் மெயினை அணைத்துப் பார்ப்பது. இரைச்சலில் ஒரு பகுதி நம் வீட்டுக் கைப்பேசி மின்னேற்றியிலிருந்தே வருவது தெரியும். அடுத்து, கையடக்க வானொலியோடு தெருவில் நடந்து எந்தக் கட்டடத்தருகே இரைச்சல் மிகுகிறது என்று தேடுவது. ஒருவர் என்னை மின்வாரியத்திலிருந்து வந்தவன் என்று எண்ணி மோர் கொடுத்து உபசரித்தார். மின்கம்பியில் ஃபெரைட் வளையம் மாட்டினால் ஓரளவு தணியும். மாட்ட அனுமதி பெறுவது தனிக் கலை. எல்லாவற்றினும் எனக்குக் கைகொடுத்தது சிறு வளைய ஆன்டெனா. அதற்கு ஒரு குணம் உண்டு. அதன் தளத்துக்குச் செங்குத்தான திசையிலிருந்து அருகே எழும் அலை அதற்குக் கேட்காது. நிட்டிங் ஆலை அந்தத் திசையில் விழும்படி வளையத்தைத் திருப்பி வைத்தால், ஆலை மங்கி, அதன் பின்னிருந்து ஜப்பான் மெல்ல எழுந்து வரும். அனுப்ப மேலே உள்ள நீண்ட கம்பி, கேட்க இந்தச் சிறு வளையம்.

2012ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாளில் பல மணி நேரம் ஊர் இருண்டு கிடந்தது. 5 வாட் கருவிக்கு 12 வோல்ட் மின்கலம் ஒன்று போதும். அனுப்பும்போதுகூட ஏறத்தாழ ஓர் ஆம்பியர்தான். மின்சாரம் போன நொடியில் அளவுமானியின் முள் ஏழிலிருந்து ஒன்றுக்கு விழும். இரைச்சலுக்கு அடியில் அத்தனை நாளும் ஓர் உலகம் பேசிக்கொண்டிருந்தது அப்போது தெரியும். அதை மகிழ்ச்சி என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அதே நொடியில் அடுத்த வீட்டுப் பெண்ணின் தையல் எந்திரமும் நின்றிருக்கிறது. அவளுடைய பீஸ் கணக்கும் அங்கேயே நின்றுவிடுகிறது. எனக்கு அமைதி தந்த அதே இருட்டு அவளுக்குக் கூலி இழப்பு. அந்த நினைப்பு இல்லாமல் அந்த அமைதியை நான் கேட்டதே இல்லை.

போட்டி நாட்களில் மின்வெட்டுக்குக் காத்திருக்க முடியாது. ஆனால் ஊருக்கென்று ஒரு தாளம் இருக்கிறது. சனிக்கிழமை சம்பள நாள். ஒன்றரை ஷிப்ட் இரவு எட்டு மணி வாக்கில் முடியும். ஒவ்வொரு கம்பெனியாக மோட்டாரை நிறுத்துவது என் அளவுமானியில் படிப்படியாகத் தெரியும். ஏழு, ஆறு, ஐந்து. எட்டரை மணிக்கு மூன்று. இரவு எட்டரை நமக்கு; பிரேசிலுக்கு அது நண்பகல். நம் வானில் பகலின் வெப்பம் இன்னும் மிச்சமிருக்க, 21 மெகாஹெர்ட்ஸ் அலை அந்தத் திசைக்குத் திறந்திருக்கும் நேரம். சூரியன் தன் பதினோராண்டுச் சுழற்சியின் உச்சக் கட்டத்தை அடைந்துவிட்டதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். இத்தகைய ஆண்டுகளில் அயனிமண்டலம் கெட்டிப்பட்டு, மெலிந்த குரலையும் மடக்கி அனுப்பும்.

அப்படியொரு சனிக்கிழமை இரவு. பிரேசில் நிலையம் ஒன்றைப் பலரும் சூழ்ந்து அழைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அழைத்தேன். ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். கூட்டம் மூச்சு வாங்கிய ஓர் இடைவெளியில் அவர் 'வி யூ 2?' என்று கேட்டார். பாதிக் குறி அவர் காதில் விழுந்திருக்கிறது. மீதியை அனுப்பினேன். மறுபடியும் கேள்விக்குறி. மீண்டும் அனுப்பினேன். ஓர் எழுத்தைத் தவறாகத் திருப்பிச் சொன்னார். மீண்டும்.

இந்த இடத்தில்தான் போட்டியின் உண்மையான சோதனை இருக்கிறது. என் மேசையில் இருக்கும் கருவி 5 வாட்டோடு நிற்பது அன்று. திருகினால் 100 வாட் வரை போகும். குமிழைக் கால் சுற்றுத் திருப்பினால் அவர் காதில் நான் இரண்டு படி ஏறிவிடுவேன். ஐந்து நொடியில் வேலை முடியும். வீட்டுக்கு வந்து மானியைப் பார்க்கும் நடுவர் இல்லை. மனைவியும் மக்களும் உறங்குகிறார்கள். 5 வாட்டுக்கு மேல் செல்லவில்லை என்று நான் எழுதித் தருவதே ஆவணம். இந்த வகுப்பில் உலகெங்கும் கலந்துகொள்ளும் ஒவ்வொருவரும், தனியறையில், நள்ளிரவில், இந்தக் குமிழின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என்னைக் குமிழிலிருந்து தடுத்தது என் நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். தடுத்தது அவர். விதியைச் சொன்னால் விளங்கும். போட்டி முடிந்ததும் எல்லோருடைய பதிவேடுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஓர் அழைப்புக்குறியைத் தவறாக எழுதியிருந்தால் அந்தத் தொடர்பு நீக்கப்படும். அதற்கு மேல், அதன் புள்ளியைப் போல் இரு மடங்கு தண்டம். தண்டம் தெளிவில்லாமல் பேசியவருக்கு அன்று, தவறாகக் கேட்டவருக்கு. ஆக, அந்தப் பிரேசில்காரர் எனக்காகச் செலவிட்ட ஒரு நிமிடத்தில், வலுத்த குரலோடு காத்திருந்த மூன்று நான்கு பேரை முடித்திருக்கலாம். என்னைத் தவறாகப் பிடித்தால் இழப்பும் அவருக்கே. எல்லாம் தெரிந்தும் கூட்டத்தை நிறுத்திவைத்து, 'வி யூ 2 மட்டும்' என்று அறிவித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்த ஐந்து வாட்டைக் கேட்க அவர் அவ்வளவு பாடுபட்டாரோ அந்த ஐந்து வாட்டாகவே நான் இருக்க வேண்டும் அல்லவா? ஐந்தாம் முறை முழுக் குறியும் சரியாகத் திரும்பி வந்தது. பின்னாலேயே ஐந்து ஒன்பது ஒன்பது, மண்டலம் பதினொன்று. மூன்று புள்ளி.

1971இல் கோவையிலிருந்து 'வானம்பாடி' வந்தபோது அதைக் கையெழுத்துப் படியாகப் பிரதியெடுத்துப் படித்தவர்களை எனக்குத் தெரியும். அதற்கும் முன்னால், 1959இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபோது அதைத் தேடிப் பிடித்தவர்கள் சிலரே. அந்த இதழ்களின் ஆசிரியர்களைப் பற்றி நூல்கள் உண்டு. மங்கிய அச்சில், கிடைத்த இதழில், விட்டுப்போன எழுத்தைத் தானே நிரப்பிக்கொண்டு படித்த அந்த வாசகரைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. பிரேசில்காரரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் அவர்தான்.

இதனால் என்ன பயன் என்று நேற்றும் ஒரு நண்பர் கேட்டார். வழக்கமான விடை ஒன்று உண்டு. 2004 டிசம்பரில் தொலைதூரத் தொடர்புக்காக அந்தமான் சென்றிருந்த பாரதி பிரசாத் தலைமையிலான குழு, ஆழிப்பேரலை தாக்கிப் பிற தொடர்புகள் அறுந்த வேளையில், போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பும் பணியை ஏற்றது. உண்மை, பெருமைக்குரியது. ஆனால் அதைக் காட்டிப் போட்டியை நியாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை. சனிக்கிழமை இரவு நான் மாடியில் உட்கார்ந்திருப்பது பேரிடரை எதிர்பார்த்து அன்று. ஒரு குரல் கேட்கிறதா என்று பார்க்கத்தான்.

அடுத்த போட்டியும் நவம்பர் கடைசி முழு வார இறுதியில்தான். விருப்பமுள்ளவர்கள் சனிக்கிழமை இரவு எட்டரைக்கு மேல் வரலாம். அதற்கு முன்னால் வந்தால் நிட்டிங் ஆலையைத்தான் கேட்பீர்கள். ஹெட்போன் இரண்டே இருக்கிறது, ஆகையால் ஒருவர் ஒருவராக வரவும். தேநீர் உண்டு. பேசக் கூடாது.